“எஸ்” எழுத்துக்கு முன்னாலா, பின்னாலா? ஆங்கில உடைமைக் குறிக்குத் தமிழே வழிகாட்டும்

சென்ற மழைக்காலத்தில் என் பழைய மாணவி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். அவர் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறார். அம்மா இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார். அந்த வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டிலும் கூரை ஒழுகுகிறது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன தோட்ட மக்கள், “நீதான் படிச்ச பிள்ளை, எழுதிக் கொடு” என்று இவரிடம் வந்திருக்கிறார்கள். இவரும் ஆங்கிலத்தில் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்.

கடிதத்தின் தலைப்பு: “ரிப்பேர் ஆஃப் வொர்க்கர்’ஸ் ரூஃப்”.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. எந்தத் தொழிலாளி, வீட்டு எண் என்ன, தெரிவிக்கவும் என்று ஒரே வரி.

“சார், பன்னண்டு வீட்டுக்குத்தானே கேட்டோம்! ஒரு ஆளுன்னு எப்படி எடுத்துக்கிட்டாங்க?” என்று மாணவி என்னிடம் கேட்டார்.

“நீங்கதாம்மா ஒரு ஆளுன்னு எழுதியிருக்கீங்க. கூரையும் ஒண்ணுதான் எழுதியிருக்கீங்க” என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, “அந்தக் குட்டிக் கோடா சார்?” என்றார்.

ஆமாம், அந்தக் குட்டிக் கோடுதான். கமாவைத் தூக்கி எழுத்தின் தலைக்கு மேலே வைத்தது போல இருக்கும் அதை ஆங்கிலத்தில் அப்போஸ்ட்ரஃபி என்பார்கள். மனமிருந்திருந்தால் அலுவலகம் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் மனமில்லாதவருக்குச் சாக்குக் கொடுக்காமல் எழுதுவது நம் பொறுப்பு. பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் நான். எஸ்.பி.எம்.மில் நல்ல தேர்ச்சி பெற்றவர்கள்கூட இந்தக் குறியில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தவர்களுக்கு இது கடினமான பாடம் அல்ல. இதற்கான திறவுகோல் நம் தமிழிலேயே இருக்கிறது.

காதுக்குக் கேட்காத வேறுபாடு

முதலில் ஒரு சிறு குறிப்பு. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தின் “எஸ்” எழுத்து வரும் இடத்தில் “ஸ்” என்று இருக்கும். அந்தக் குறி “ஸ்” எழுத்துக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பதை மட்டும் கவனித்து வாருங்கள்.

வொர்க்கர்ஸ்.
வொர்க்கர்’ஸ்.
வொர்க்கர்ஸ்’.

இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒரே ஒலிதான். ஆங்கிலேயரே சொன்னாலும் காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பொருள் மூன்று:

வொர்க்கர்ஸ் – தொழிலாளிகள்.
வொர்க்கர்’ஸ் – தொழிலாளியின் (ஒருவருடையது).
வொர்க்கர்ஸ்’ – தொழிலாளிகளின் (பலருடையது).

தமிழில் இந்தக் குழப்பமே வராது. பன்மைக்கு “கள்” இருக்கிறது. உடைமைக்கு “இன்” அல்லது “உடைய” இருக்கிறது. இரண்டும் வேண்டுமானால் “களின்” என்று சேர்த்துவிடுகிறோம். ஒலியே வேறு என்பதால் காதே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் “கள்” வேலையைச் செய்வதும் “எஸ்”தான், “இன்” வேலையைச் செய்வதும் “எஸ்”தான். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. எந்த வேலையாக வந்திருக்கிறார் என்பதைக் கண்ணுக்குக் காட்டத்தான் அந்தக் குறி.

ஆகவே, ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கணம் நின்று அந்தச் சொல்லைத் தமிழில் நினைத்துப் பாருங்கள்.

“கள்” மட்டும் வருகிறதா? குறியே வேண்டாம்.
“இன்” மட்டும் வருகிறதா? குறி போட்டு “எஸ்” எழுதுங்கள்.
“களின்” வருகிறதா? பன்மைச் சொல்லை முழுதாக எழுதி முடித்து, கடைசியில் குறி போடுங்கள்.

பாடத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

அந்தக் குறி எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களோடு “ஈ”, “எஸ்” என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நம் “இன்” உருபின் வேலையைச் செய்தன. காலப்போக்கில் பேச்சில் அந்த “ஈ” எழுத்தின் ஒலி தேய்ந்து மறைந்தது. 16-ஆம் நூற்றாண்டில் அப்போஸ்ட்ரஃபி ஆங்கில அச்சுக்கு வந்தபோது, விடுபட்ட எழுத்தின் இடத்தைக் காட்டும் அடையாளமாக வந்தது. “டோன்’ட்”, “கான்’ட்” போன்ற சொற்களில் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. உடைமைக்கும் அதே குறியைப் போடும் வழக்கம் மெல்ல நிலைத்தது. பன்மைச் சொல்லுக்குப் பின்னால் குறி போடும் வழக்கம் இன்னும் தாமதமாக, 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆங்கிலேயர்களே நூற்றாண்டுக் கணக்கில் தடுமாறிய விஷயம் இது என்பதால், நம் பிள்ளைகள் தடுமாறினால் தலையில் குட்ட வேண்டியதில்லை.

நம் தொழிலாளர் சட்டங்களே பாடப் புத்தகம்

இந்த விதிக்கு நல்ல எடுத்துக்காட்டுகள் நம் வாழ்க்கையைத் தொட்ட சட்டங்களின் பெயர்களிலேயே இருக்கின்றன.

தோட்ட வீடுகள் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் 1990-இல் வந்தது. சட்ட எண் 446. அதன் ஆங்கிலப் பெயர் “வொர்க்கர்ஸ்’” என்று தொடங்கியது. தொழிலாளர்களின் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரம் என்று பொருள். “களின்” வருவதால் குறி கடைசியில் நிற்கிறது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தில் அந்தச் சொல் “எம்ப்ளாயீஸ்’” என்று மாறியது. சொல் மாறினாலும் குறி நின்ற இடம் மாறவில்லை. இந்தச் சட்டம் ஒரு தொழிலாளிக்கானது அல்ல, எல்லாருக்குமானது என்று அந்தக் குறி சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் “எம்ப்ளாயீஸ்’” என்றே இருக்கும். ஊழியர்களின் சமூகப் பாதுகாப்பு.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் நட்டஈடு கொடுப்பதற்கு 1952-இல் வந்த பழைய சட்டத்தை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். “வொர்க்மென்’ஸ் கம்பன்சேஷன்” என்பது அதன் பெயர். இங்கே குறி “எஸ்” எழுத்துக்கு முன்னால் வந்துவிட்டதே, ஒரே ஒரு தொழிலாளியா என்று கேட்கலாம். இல்லை. “வொர்க்மேன்” என்றால் ஒருவர், “வொர்க்மென்” என்றாலே பலர். பன்மை ஆவதற்கு அந்தச் சொல்லுக்கு “எஸ்” தேவைப்படவில்லை. எனவே “இன்” வேலைக்காக மட்டும் “எஸ்” வருகிறது, அதற்கு முன்னால் குறி நிற்கிறது. மென், விமென், சில்ட்ரன், பீப்பள் ஆகிய சொற்கள் எல்லாம் இந்த வகை. “சில்ட்ரன்’ஸ் டே”, “விமென்’ஸ் டே” என்றுதான் எழுத வேண்டும். “சில்ட்ரன்ஸ்’” என்று எழுதினால் தமிழில் “பிள்ளைகள்களின்” என்று எழுதுவது போல ஆகிவிடும்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தால், சிங்கப்பூரின் இரண்டு பெரிய அரசியல் கட்சிகளின் பெயர்களும் சேர்ந்து இந்தப் பாடத்தை நடத்துகின்றன. மக்கள் செயல் கட்சி “பீப்பள்’ஸ்” என்று எழுதுகிறது. பாட்டாளிக் கட்சி “வொர்க்கர்ஸ்’” என்று எழுதுகிறது. “பீப்பள்” ஏற்கனவே பன்மை என்பதால் குறி முன்னால் வருகிறது. “வொர்க்கர்ஸ்” என்பது “எஸ்” சேர்ந்து பன்மையானதால் குறி பின்னால் வருகிறது. இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டாலே போதும்.

ஒரு குறி இல்லாமல் நீதிமன்றம் வரை

“இதெல்லாம் வாத்தியார்களுக்குத்தான் முக்கியம், எனக்கெதற்கு?” என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வீடு விற்பனை முகவர் ஒருவர் தன் பழைய முதலாளியைப் பற்றி 2020-இல் முகநூலில் எழுதினார். பல மில்லியன் மதிப்புள்ள வீடுகளை விற்கிற ஆளுக்கு ஊழியரின் ஓய்வுக்கால நிதியைக் கட்ட முடியவில்லை என்பது அவர் சொல்ல வந்தது. நம் நாட்டு சேமநிதியைப் போல அங்கேயும் முதலாளி கட்டியாக வேண்டிய பணம் அது. “எம்ப்ளாயீஸ்” என்று எழுதியவர், குறியை எங்கும் போடவில்லை.

முதலாளி அவதூறு வழக்குப் போட்டார். எழுதியவர், தன் ஒருவனுடைய பணத்தைத்தான் சொன்னேன் என்றார். குறி “எஸ்” எழுத்துக்கு முன்னால் இருந்திருந்தால் அது ஒருவருடைய பணம் என்று ஆகியிருக்கும். குறி இல்லாததால், பல ஊழியர்களுக்கும் பணம் கட்டாமல் ஏமாற்றும் முதலாளி என்று படிப்பவர்கள் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது என நீதிபதி கருதினார். ஒருவருக்குக் கட்டாமல் விட்டது தவறுதலாக நடந்திருக்கலாம், பலருக்குக் கட்டவில்லை என்றால் வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும் என்பதே அந்த வாதம். 2021 அக்டோபரில் வழக்கு மேலே நடக்க நீதிமன்றம் அனுமதி கொடுத்தது.

சம்பள பாக்கி, சேமநிதி, வீட்டு வசதி போன்ற விஷயங்களை எழுத்தில் வைக்கும்போது, “ஒருவருடையதா, பலருடையதா” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். புகார்க் கடிதம், போலீஸ் ரிப்போர்ட், முகநூல் பதிவு எதுவாக இருந்தாலும் இதே கதைதான்.

தமிழ் நம்மை ஏமாற்றும் இடங்கள்

தமிழே வழிகாட்டும் என்று சொன்னேன். ஆனால் மூன்று இடங்களில் அந்த வழிகாட்டியையும் கொஞ்சம் கவனமாகப் பின்பற்ற வேண்டும்.

முதலாவது, மரியாதைப் பன்மை. “ஆசிரியர்” என்றால் ஒருவரா, பலரா? தமிழில் இரண்டுக்கும் இடம் உண்டு. “ஆசிரியரின் நாற்காலி” என்றால் ஒருவர். “ஆசிரியர் தினம்” என்றால் எல்லா ஆசிரியர்களும். எனவே “அர்” என்று முடியும் சொல் வந்தால் “எத்தனை பேர்?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். மே 16-இல் நாம் கொண்டாடும் ஆசிரியர் தினம் எல்லா ஆசிரியர்களுக்கும் உரியது என்பதால் “டீச்சர்ஸ்’ டே” என்று எழுதுவதே பொருத்தம். பள்ளிப் பதாகைகளில் “டீச்சர்’ஸ் டே” என்றும் பார்க்கலாம். அப்படி எழுதினால் ஒரே ஒரு ஆசிரியருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னது போல ஆகும்.

அன்னையர் தினத்தில் கதை தலைகீழ். தமிழில் “அன்னையர்” என்று பன்மையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் “மதர்’ஸ் டே”, அதாவது ஒரு தாயின் தினம். அமெரிக்காவில் அந்தத் தினம் ஏற்படப் பாடுபட்ட ஆன்னா ஜார்விஸ் அப்படித்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்களை எல்லாம் பொதுவாக வாழ்த்தும் நாளாக அது இருக்கக்கூடாது, ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயை நினைக்கும் நாளாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் முழுவதையும் ஒரு குறி நின்ற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது, கால அளவு. “இரண்டு வார நோட்டீஸ்”, “ஒரு மாதச் சம்பளம்”, “மூன்று நாள் விடுப்பு” என்று தமிழில் சொல்லும்போது “கள்” இல்லை, “இன்” இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது குறி வேண்டும். “ஒன் மந்த்’ஸ் சேலரி”, “டூ வீக்ஸ்’ நோட்டீஸ்”, “த்ரீ டேஸ்’ லீவ்”. எண் ஒன்று என்றால் குறி முன்னால், இரண்டும் அதற்கு மேலும் என்றால் குறி பின்னால். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். வேலை ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆறு வாரம், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் எட்டு வாரம் என்று இருக்கும். மூன்று இடத்திலும் “வீக்ஸ்’” என்று குறி பின்னால் நிற்கும். வேலையை விடும் கடிதம் எழுதும் இளைஞர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். புதிய முதலாளி கேட்டால் காட்ட வேண்டிய கடிதம் அது.

மூன்றாவது, மறைந்து நிற்கும் உருபு. ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஆங்கிலப் பெயரில் “எம்ப்ளாயீஸ்” என்று இருக்கும், குறி இருக்காது. 1951-இல் தொடங்கிய அந்த நிதியின் இன்றைய 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலும் குறி இல்லை. இது தப்பா? இல்லை. தமிழ்ப் பெயரையே பாருங்கள். “ஊழியர்களின் சேமநிதி” என்றா சொல்கிறோம்? “ஊழியர் சேமநிதி” என்றுதான் சொல்கிறோம். தமிழ்ப்பள்ளியில் வேற்றுமைத் தொகை என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதுதான். உருபு உள்ளே மறைந்து நிற்க, முதல் சொல் ஒரு அடைமொழி போல ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலும் நிறுவனங்கள் தம் பெயரை இப்படிக் குறி இல்லாமல் வைத்துக்கொள்வது உண்டு. சொக்சோவுக்குக் குறி உண்டு, சேமநிதிக்கு இல்லை. எனவே நிறுவனத்தின் பெயரை எழுதும்போது நம் இலக்கணத்தை அதன் மேல் ஏற்ற வேண்டாம். அவர்கள் எப்படி எழுதுகிறார்களோ அப்படியே எழுதுங்கள். மெக்டோனல்ட்’ஸ் கடைக்குக் குறி உண்டு, ஸ்டார்பக்ஸ் கடைக்குக் கிடையாது. பிரிட்டனின் பெரிய புத்தகக் கடையான வாட்டர்ஸ்டோன்ஸ் 2012-இல் தன் பெயரிலிருந்த குறியை எடுத்தேவிட்டது.

மலையும் மாளிகையும்

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் தமிழ், அடுத்த பாடம் மலாய், அதற்கடுத்து ஆங்கிலம். மலாயில் உடைமைக்கு உருபும் இல்லை, குறியும் இல்லை. சொல் நிற்கும் வரிசையே போதும். “ரூமா அலி” என்றால் அலியின் வீடு. முதலில் வீடு, பிறகுதான் ஆள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆள் முதலில் வருகிறார். மலாய் வரிசையிலேயே நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவர்கள் குறியைத் தவறவிடுவதும், அதைப் பொருளின் மேல் போடுவதும் இதனால்தான். குறி எப்போதும் உடையவர் மேல்தான் உட்காரும், உடைமையின் மேல் உட்காராது.

பகாங்கில் உள்ள பிரேசர் மலையை எடுத்துக்கொள்வோம். மலாயில் “புக்கிட் ஃபிரேசர்”. ஆங்கிலத்தில் “ஃபிரேசர்’ஸ் ஹில்”. லூயிஸ் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பெயரால் வந்தது. தமிழில் “ஃபிரேசரின் மலை” என்று பிரித்தால் குறி இருக்கும் இடம் தானே தெரிந்துவிடும்.

பேராக்கில் பத்து காஜா அருகே இருக்கும் “கெல்லி’ஸ் காசல்” தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்துவிட, வேலை முடியாமலே நின்றுபோனது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். அருகிலிருக்கும் மாரியம்மன் கோயிலின் மேலே, சாமி சிலைகளுக்கு நடுவில், வெள்ளைக்காரர் உடையில் அவர் உருவமும் நிற்பதைப் போய்ப் பார்த்தவர்கள் அறிவார்கள். பெயரில் குறி “எஸ்” எழுத்துக்கு முன்னால் இருக்கிறது. கெல்லி என்ற ஒருவரின் மாளிகை. குறியைக் கடைசிக்குத் தள்ளினால் கெல்லிகள் பலருடைய மாளிகை ஆகிவிடும். கட்டியவர்கள் பலர், பெயரில் இருப்பவர் ஒருவர். அந்தக் குறியும் அதையே சொல்கிறது.

போடக்கூடாத இடங்கள்

குறியை விடுவதைவிட, வேண்டாத இடத்தில் போடுவது இப்போது அதிகமாகிவிட்டது. கடைப் பலகைகளைப் பாருங்கள். தோசைகள் என்று சொல்ல “தோசை’ஸ்”. பூமாலைகள் என்று சொல்ல “கார்லண்ட்’ஸ்”. தமிழில் நினைத்துப் பார்த்தால் வெறும் “கள்”தான் வருகிறது. “இன்” இல்லை. குறியும் வேண்டாம்.

அடுத்தது, கடிதத்தின் முடிவு. “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்று எழுதும்போது “யுவர்’ஸ்” என்று குறி போட்டுவிடுகிறோம். இது பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட பழக்கம். யுவர்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் ஆகியவை “உங்களுடையது, அவளுடையது, எங்களுடையது, அவர்களுடையது” என்று உடைமையைத் தமக்குள்ளேயே வைத்திருக்கும் சொற்கள். அவற்றுக்கு மேலும் ஒரு குறி தேவையில்லை.

அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் “இட்ஸ்”. குறி இல்லாமல் எழுதினால் “அதனுடைய” என்று பொருள். குறி போட்டு “இட்’ஸ்” என்று எழுதினால் “இட் இஸ்” என்பதன் சுருக்கம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் “இட் இஸ்” என்று விரித்துப் படித்துப் பாருங்கள். சரியாக வந்தால் குறி போடலாம், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் “ஜா’அபார்” போன்ற மலாய்ப் பெயர்களிலும், “டி’குரூஸ்” போன்ற பெயர்களிலும் இதே குறியைப் பார்ப்போம். அவை உடைமைக் குறி அல்ல. முதலாவது அரபு ஒலிக்காக வந்தது, இரண்டாவது போர்த்துகீசிய முன்னொட்டின் சுருக்கம். அடுத்தவர் பெயரை அவர் எழுதுகிறபடியே எழுதுவதுதான் மரியாதை.

அடிக்கடி கேட்கப்படும் இரண்டு கேள்விகள்

“என் கணவர் பெயர் தாஸ். அவருடைய கார் என்று எப்படி எழுதுவது?” “தாஸ்’ஸ் கார்” என்றும் எழுதலாம், “தாஸ்’ கார்” என்றும் எழுதலாம். இரண்டையும் ஏற்பவர்கள் இருக்கிறார்கள். லண்டனில் உள்ள பூங்கா “செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்”. நியூகாசல் யுனைடெட் காற்பந்துக் குழுவின் அரங்கம் “செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்”. இங்கிலாந்திலேயே இரண்டு விதமும் இருக்கும்போது நாம் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு கடிதத்துக்குள் ஒரே விதமாக எழுதினால் போதும்.

“ராஜுவும் மாலாவும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்றால்?” வீடு ஒன்று, இருவருக்கும் பொது என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: “ராஜு அண்ட் மாலா’ஸ் ஹவுஸ்”. தனித்தனி வீடு என்றால் இரண்டு பெயருக்கும் குறி: “ராஜு’ஸ் அண்ட் மாலா’ஸ் ஹவுசஸ்”. தமிழில் “ராஜு, மாலா ஆகியோரின் வீடு” என்பதற்கும் “ராஜுவின் வீடும் மாலாவின் வீடும்” என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வீட்டுக் கடன், நிலப் பத்திரம் என்று வரும்போது இது சின்ன விஷயம் அல்ல.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிக் குறியைப் போடச் சொல்லுங்கள். விடை உடனே அடுத்த பத்தியில் இருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டாம்.

1. தந்தையின் பெயர்.
2. மாணவர்களின் பேருந்து.
3. பெண்களின் கழிவறை.
4. ஐந்து நாள் விடுப்பு.
5. புத்தகங்கள் இங்கே விற்கப்படும்.
6. பூனை தன் வாலை நக்குகிறது.

விடைகள்: ஒன்று, “ஃபாதர்’ஸ்”, குறி முன்னால். இரண்டு, “ஸ்டூடண்ட்ஸ்’”, குறி பின்னால். மூன்று, “விமென்’ஸ்”, குறி முன்னால், ஏனென்றால் சொல் ஏற்கனவே பன்மை. நான்கு, “ஃபைவ் டேஸ்’”, குறி பின்னால். ஐந்து, “புக்ஸ்”, குறி இல்லை. ஆறு, “இட்ஸ்”, குறி இல்லை. ஆறில் நான்கு சரி என்றால் பிள்ளை தேறிவிட்டது. மூன்றாவதையும் ஆறாவதையும் சரியாகச் செய்திருந்தால் கூடுதலாக ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம்.

இனி அந்தக் கூரை விஷயத்துக்கு வருகிறேன். மாணவி கடிதத்தை மறுபடி எழுதினார். தலைப்பில் “வொர்க்கர்ஸ்’ ரூஃப்ஸ்” என்று இருந்தது. நான் ஒன்று மட்டும் சேர்க்கச் சொன்னேன். கீழே ஒன்று முதல் பன்னிரண்டு வரை வீட்டு எண்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே குடியிருப்பவரின் பெயரையும் எழுதச் சொன்னேன். குறி சரியாக இருந்தாலும் எண்களும் இருந்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது அல்லவா? இந்தத் தடவை எந்தத் தொழிலாளி என்று கேட்டுப் பதில் வரவில்லை. ஆள்தான் வந்தார், ஏணியோடு.

போன மாதம் விசாரித்தபோது ஏழு வீட்டுக்குக் கூரை மாற்றியாகிவிட்டது, இன்னும் ஐந்து பாக்கி என்றார். “அடுத்த கடிதம் எழுதிட்டேன் சார். ஃபைவ் ஃபேமிலீஸ்’னு குறியைக் கடைசியில போட்டிருக்கேன், சரிதானே?”

சரிதான்.